மின்னிசை வந்த வழி – 14: அழைப்பு மணியின் பொத்தான்

கொலம்பியா–பிரின்ஸ்டன் மின்னிசை மையத்தில் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு நின்ற ஆர்.சி.ஏ. மார்க் 2 இயந்திரத்தைச் சென்ற இதழில் பார்த்தோம். காகிதச் சுருளில் துளை போட்டுப் போட்டு, ஒவ்வொரு சுரத்தின் சுருதி, நீளம், தொடக்கம், முடிவு எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் அது வாயைத் திறக்கும். மில்டன் பாபிட் அந்தப் பொறுமையின் அவதாரம். மற்றவர்களில் பலர் இயந்திரத்தை அவரிடமே விட்டுவிட்டு டேப், பிளேடு, ஒட்டும் நாடா என்று தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அந்த வேலையும் சுகமானது அல்ல. ஸ்டுடியோ டேப் நொடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடும். கால் நொடி நீளமுள்ள ஒரு சுரம் வேண்டுமென்றால் நாலு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக நறுக்க வேண்டும். நேராக நறுக்கினால் ஒலி ‘டக்’கென்று தொடங்கும். சாய்வாக நறுக்கினால் மெல்ல எழும். சாய்வு நீளமானால் எழுச்சியும் நீளும். ஒரு நிமிட இசைக்கு நூற்றுக்கணக்கான துண்டுகள். ஒரு சுரம் எப்படிப் பிறந்து எப்படி மறைய வேண்டும் என்பதை 1950களில் பிளேடின் கோணம்தான் தீர்மானித்தது.

ஏன் இவ்வளவு பாடு? ஆசிலேட்டர் என்ற மின்சுற்று தரும் ஒலி அப்படிப்பட்டது. அதை ஓடவிட்டால் ஒரே சுருதியில், ஒரே அளவில், ஒரே நிறத்தில் கத்திக்கொண்டே இருக்கும். வீணைத் தந்தியை மீட்டினால் ஒலி பளிச்சென்று எழுந்து, அடுத்த கணமே மங்கத் தொடங்கி, கூடவே அதன் கூர்மையும் மழுங்கிவிடும். நாகஸ்வரத்தில் மூச்சு உள்ளவரை ஒலி நிற்கும். ஆனால் ஒருபோதும் அசையாமல் நிற்காது. காது ஒரு வாத்தியத்தை அடையாளம் காண்பதே இந்த அசைவை வைத்துத்தான். ஆசிலேட்டரிடம் அது அறவே இல்லை. அதற்கு அசைவைக் கொடுக்க வேண்டுமென்றால் யாராவது குமிழைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். சுருதிக்கு ஒரு கை, அளவுக்கு ஒரு கை, நிறத்துக்கு இன்னொரு கை. மனிதனுக்கு இருப்பதோ இரண்டு.

இரண்டு கைக்குள்ளேயே இதைச் சாதிக்க முயன்றவர்கள் உண்டு. லெவ் தெரெமின் 1920இல் செய்த கருவியில் ஒரு கை சுருதிக்கு, மறு கை அளவுக்கு; நிறத்தை மாற்றக் கை மிச்சமில்லை. கனடாவின் ஹியூ லெ கேன் இன்னும் ஒரு படி மேலே போனார். 1945இல் தொடங்கி அவர் உருவாக்கிய ‘எலெக்ட்ரானிக் சாக்பட்’ கருவியில், விசையை அழுத்தும் பலம் ஒலியின் அளவை மாற்றியது. விசையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் சுருதி வளைந்தது. இடது கை விரல்கள் ஒலியின் நிறத்தை மாற்றின. உள்ளுக்குள் எல்லாமே மின்னழுத்தத்தால் இயங்கின. மின்னழுத்தத்தால் ஒலியை ஆளும் வழி, அடுத்து நாம் சந்திக்கப்போகும் ராபர்ட் மோக்குக்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன்பே கண்டறியப்பட்டுவிட்டது என்பதை அமெரிக்கப் புத்தகங்கள் பல ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. லெ கேனின் கருவி அவர் காலத்தில் கடைக்கு வரவில்லை. வரலாற்றில் பாதி கடைக்கு வந்தவர்களின் வரலாறு.

ராபர்ட் மோக் கடைக்கு வந்தவர். நியூயார்க் நகரில் 1934இல் பிறந்து, பள்ளி நாள்களிலேயே தெரெமின் கருவி செய்து, பிறகு அதன் உதிரிப் பாகங்களைப் பெட்டியில் போட்டு விற்றே படிப்புச் செலவைச் சமாளித்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் இயற்பியல் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டே, பக்கத்து ஊரான ட்ரூமன்ஸ்பர்க்கில் ஒரு சிறு பட்டறை நடத்தினார். 1963இன் இறுதியில் நியூயார்க் மாநில இசை ஆசிரியர்களின் மாநாட்டில் தெரெமின்களைக் கடை பரப்பியிருந்தபோது, ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்த ஹெர்பர்ட் டாய்ச் அவரிடம் பேச்சுக் கொடுத்தார். டாய்ச் டேப்பை நறுக்கி நறுக்கி அலுத்துப்போனவர். வழுக்கி ஏறும், அலையும், துடிக்கும் ஒலிகள் அவருக்கு வேண்டும். அதற்கு ஒரு சிறிய, கைக்கு அடங்கிய கருவி வேண்டும்.

1964 கோடையில் டாய்ச் ட்ரூமன்ஸ்பர்க்குக்கு வந்து தங்கினார். இந்தத் தொடரில் நாம் இதுவரை பார்த்த எல்லாக் கோடைகளையும்விட முக்கியமான கோடை அது என்பேன்.

மோக் செய்தது சொல்லும்போது எளிது. ஆசிலேட்டரின் குமிழைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு கம்பி நுழையும் துளையை வைத்தார். கம்பி வழியாக வரும் மின்னழுத்தம் ஏறினால் சுருதி ஏறும், இறங்கினால் இறங்கும். எவ்வளவு ஏறினால் எவ்வளவு என்பதில்தான் அவருடைய சாமர்த்தியம். நம் காது அதிர்வெண்ணைக் கூட்டலாகக் கேட்பதில்லை, பெருக்கலாகக் கேட்கிறது. 220இலிருந்து 440க்குப் போனாலும் 440இலிருந்து 880க்குப் போனாலும் அது நமக்கு ஒரே தூரம்: ஒரு ஸ்தாயி. சிலிக்கான் டிரான்சிஸ்டரும் இதே பெருக்கல் கணக்கில்தான் மின்னழுத்தத்துக்குப் பதில் சொல்லும். இரண்டையும் மோக் முடிச்சுப் போட்டார். ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும். தனித்தனிப் பெட்டிகளைக் கம்பியால் இணைத்து வாசிக்கும் மாடுலர் சிந்தசைசர்களில் பெரும்பாலானவை இன்றுவரை இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன.

இதன் விளைவு என்னவென்று பாருங்கள். குமிழைத் திருகத் தேவையாயிருந்த கைக்குப் பதில் இப்போது எந்த மின்னழுத்தம் வேண்டுமானாலும் வரலாம். விசைப்பலகையிலிருந்து வரலாம். இன்னோர் ஆசிலேட்டரிலிருந்தும் வரலாம். அந்த இரண்டாவது ஆசிலேட்டரை நொடிக்கு ஆறு முறை மட்டும் அலையும்படி வைத்து, அதை முதல் ஆசிலேட்டரின் சுருதித் துளையில் செருகினால், பாடகரின் குரலில் வரும் நடுக்கம் போன்ற ஒன்று கிடைக்கிறது. அதே கம்பியைப் பிடுங்கி ஒலியளவைக் கட்டுப்படுத்தும் பெட்டியில் செருகினால் ஒலி பெருத்துச் சிறுத்துத் துடிக்கிறது. மூலம் ஒன்றுதான், செருகும் இடம் மாறினால் பலன் மாறுகிறது. நம் பாடப்புத்தகங்கள் வானொலி அலைகளுக்குச் சொல்லும் பண்பேற்றம் இதுதான். அங்கே அதன் வேலை செய்தியைச் சுமப்பது. இங்கே அசைவே செய்தி.

நடுக்கம் கிடைத்துவிட்டது. ஆனால் சுரம் இன்னும் பிறக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. விசையை அழுத்தினால் தொடங்கி, விட்டால் சட்டென்று நிற்கிறது. டாய்ச் இதைச் சொன்னதும் மோக் அவரைத் தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த இரும்புக் கடைக்கு அனுப்பி, வீட்டு வாசல் அழைப்பு மணிக்கு வைக்கும் பொத்தான் ஒன்றை வாங்கிவரச் சொன்னார். பொத்தானோடு ஒரு மின்தேக்கியை இணைத்தார். பொத்தானை அழுத்தினால் மின்தேக்கி நிரம்பும்; விட்டால் உள்ளே இருந்த மின்னூட்டம் மெல்ல வடியும். அந்த ஏற்றமும் இறக்கமும் ஒரு மின்னழுத்தம்தானே? அதை ஒலியளவுப் பெட்டியில் செருகினார். சுரம் எழுந்து, தேய்ந்து, மறைந்தது. பிளேடின் சாய்வு செய்த வேலையை இப்போது ஒரு மின்தேக்கி செய்தது. இதற்குத்தான் என்வலப் என்று பெயர். விலையுயர்ந்த ஆய்வுக்கூடங்கள் ஆண்டுக்கணக்காக முட்டிக்கொண்டிருந்த விஷயம் கதவு மணிப் பொத்தானில் முடிந்துபோனது.

அந்த அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த ஒலிப் பொறியாளர் சங்கத்தின் மாநாட்டில் மோக் தன் பெட்டிகளை வைத்துக் கட்டுரை வாசித்தார். முதலில் வாங்க வந்தவர் இசைக்கலைஞர்கூட இல்லை. ஆல்வின் நிக்கொலாய் என்ற நடன அமைப்பாளர். விளம்பர இசை செய்துகொண்டிருந்த எரிக் சிடேயும் ஆரம்பகால வாடிக்கையாளர்தான்.

பிறகு வந்தார் விளாதிமிர் உசாசெவ்ஸ்கி. மஞ்சூரியாவில் ரஷ்யப் பெற்றோருக்குப் பிறந்து அமெரிக்கா வந்தவர். கொலம்பியா–பிரின்ஸ்டன் மையத்தை நிறுவியவர்களில் ஒருவர். 1965இல் அவர் மோக்கிடம் தனக்கு வேண்டியதைத் துல்லியமாக எழுதிக் கொடுத்தார். பொத்தானும் மின்தேக்கியும் போதாது. ஒரு சுரத்தின் வாழ்க்கையை நாலு பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருக வழி வேண்டும். உச்சிக்கு ஏற எடுக்கும் நேரம். உச்சியிலிருந்து சற்றே இறங்கும் நேரம். விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை நிற்கும் அளவு. விட்டபின் மறைய எடுக்கும் நேரம். முதல் இரண்டும் கடைசியும் நேரம். மூன்றாவது மட்டும் அளவு. புதிதாகக் கற்கிறவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். மூன்றாவதைப் பூஜ்யத்தில் வைத்து முதலாவதையும் குறைத்தால் வீணை மீட்டல் போல ஒலி எழுந்து கரையும். மூன்றாவதை முழுதாக ஏற்றினால் விசையை விடும்வரை ஒலி நாகஸ்வரம்போல் நிற்கும். முதலாவதை நீட்டினால் வில்லால் இழுக்கும் வயலின்.

ஏ.டி.எஸ்.ஆர். என்று நாம் இன்று சொல்லும் எழுத்துகளை மோக் வைக்கவில்லை. அவை பின்னர் ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் கருவிகள் வழியாகப் பரவியவை. ஆனால் அந்த நாலு குமிழும் உசாசெவ்ஸ்கியின் யோசனை. உலகில் இன்று விற்கும் ஏறக்குறைய ஒவ்வொரு சிந்தசைசரிலும், கைபேசிச் செயலியிலும்கூட, அவை வரிசையாக நிற்கின்றன. அவர் பெயரை மட்டும் யாரும் சொல்வதில்லை.

டொரன்டோ பல்கலைக்கழகத்தில் இருந்த குஸ்தாவ் சியமாகா கேட்டது வேறொன்று: ஒலியின் நிறத்தையும் மின்னழுத்தத்தால் மாற்ற முடியாதா? அதிலிருந்து வந்தது மின்னழுத்தத்தால் இயங்கும் ஃபில்டர். மேல் அதிர்வெண்களை எந்த இடத்துக்கு மேல் வெட்டுவது என்பதை ஒரு மின்னழுத்தம் நகர்த்தும். மோக்கின் ஏணி வடிவ டிரான்சிஸ்டர் ஃபில்டருக்கு 1969இல் காப்புரிமை கிடைத்தது. அவர் புகழில் பாதி அதனால்தான். அதே ஃபில்டரை அசையாமல் ஓரிடத்தில் நிறுத்தி வைத்துக் கேட்டால் அந்தப் புகழின் காரணம் புரியாது. உசாசெவ்ஸ்கியின் என்வலப்பை அதில் செருகும்போதுதான், ஒலி எழும்போது பளபளத்துத் தேயும்போது மங்கும் அந்த ‘ட்வாங்’ வருகிறது. மீட்டிய தந்தியும் அதைத்தானே செய்கிறது.

அமெரிக்காவின் மறுகரையில், ட்ரூமன்ஸ்பர்க்கில் நடப்பது எதுவும் தெரியாமலேயே, டான் புக்லா இதே இடத்துக்கு வேறு வழியில் வந்துகொண்டிருந்தார். சான் பிரான்சிஸ்கோ டேப் மியூசிக் சென்டரை நடத்திய மார்ட்டன் சபாட்னிக்கும் ராமோன் செண்டரும் டேப் வெட்டி ஓய்ந்தவர்கள். ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் உதவித்தொகையில் 500 டாலரை எடுத்து, தங்களுக்கு ஒரு கருவி செய்யச் சொல்லிப் புக்லாவிடம் கொடுத்தார்கள். அவர் செய்த 100 தொடர் பெட்டிகளில் பியானோ விசைகள் இல்லை. தொட்டால் மின்னழுத்தம் தரும் உலோகத் தகடுகள் இருந்தன. எட்டு அல்லது பதினாறு மின்னழுத்தங்களை முன்கூட்டியே வைத்துவிட்டால் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் சீக்வென்சர் இருந்தது. டேப்பில் பதினாறு துண்டை ஒட்டி வளையமாக ஓடவிட்ட வேலையை அது செய்தது. தற்செயலான மின்னழுத்தங்களை உமிழும் பெட்டியும் உண்டு. 200 தொடரில் அதன் வாரிசுக்கு ‘நிச்சயமின்மையின் மூலம்’ என்றே பெயர் வைத்தார் புக்லா. தன் கருவி தன்னை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று நினைத்தவர் அவர். சபாட்னிக் 1967இல் நான்சச் நிறுவனத்துக்காகச் செய்த ‘சில்வர் ஆப்பிள்ஸ் ஆஃப் த மூன்’ இசைத்தட்டைக் கேளுங்கள். அதில் பாதி அசைவுகளைத் தூண்டியது மனிதக் கையல்ல என்பது தெரியும்.

மோக்குக்கும் புக்லாவுக்கும் இடையே ஒரு கொள்கை வேறுபாடு இருந்தது. புக்லா தன் பெட்டிகளில் ஒலி செல்லும் கம்பிக்கு ஒரு வகைச் செருகியும், ஒலியை ஆளும் மின்னழுத்தத்துக்கு வேறு வகைச் செருகியும் வைத்தார். ஒன்றை மற்றதில் செருக முடியாது. ஆட்டுவிப்பது வேறு, ஆடுவது வேறு. மோக் இரண்டுக்கும் ஒரே செருகியை வைத்தார். கேட்பதற்கு வெறும் தச்சு வேலை போல இருக்கும். எனக்கு இந்த அத்தியாயத்தின் மையமே இதுதான். மோக்கின் பெட்டியில், மற்றொன்றை ஆட்டுவதற்காக வைத்த ஆசிலேட்டரின் வேகத்தை நொடிக்கு ஆறிலிருந்து இருபதுக்கு, இருநூறுக்கு ஏற்ற எந்தத் தடையும் இல்லை. அப்போது என்ன நடக்கும்?

அதற்குச் சரியான விடை கண்டவர் இவர்கள் இருவருமே அல்லர். ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங். தாளவாத்தியக்காரர், பாரிஸில் நாடியா பூலான்ஜேயிடம் பயின்ற இசையமைப்பாளர்; பெல் ஆய்வுக்கூடத்தின் மாக்ஸ் மாத்யூஸ் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டுக் கணினியின் பக்கம் வந்தவர். 1967இல் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தின் கணினியில் அவர் சோதித்துக்கொண்டிருந்தது சாதாரணக் குரல் நடுக்கம். வேகத்தையும் ஆழத்தையும் சும்மா கூட்டிக்கொண்டே போனார். ஓர் எல்லைக்கு மேல் நடுக்கம் கேட்கவில்லை. சுருதி அலைவதாகவே தெரியவில்லை. அந்த இடத்தில் புத்தம் புதிய ஒரு நாதம் நின்றது.

கணக்கு இப்படி: 400 அதிர்வெண்ணுள்ள ஓர் ஒலியை 100 அதிர்வெண்ணால் ஆட்டினால், 400க்கு இருபுறமும் நூறு நூறாகப் புதிய அதிர்வெண்கள் முளைக்கின்றன: 300, 500, 200, 600 என்று. ஆட்டத்தின் ஆழம் கூடக்கூடப் பக்கத்துக் கிளைகள் பெருகும், ஒலி பளபளக்கும். 100க்குப் பதில் எளிய விகிதத்தில் அடங்காத ஓர் எண்ணால் ஆட்டினால் மணி ஒலிக்கும், தாம்பாளம் ஒலிக்கும். இரண்டே இரண்டு எளிய அலைகள். அதுவரை பல டஜன் ஆசிலேட்டர்களை அடுக்கிச் செய்ய வேண்டியிருந்த ஒலிகள் அவற்றிலிருந்து வந்தன. வானொலிக்காரர்களுக்கு இந்தக் கணிதம் பல பத்தாண்டுகளாகத் தெரியும். அதைக் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் கொண்டுவந்து வாத்தியமாக்கலாம் என்பதுதான் சௌனிங்கின் கண்டுபிடிப்பு.

இங்கே டாய்ச்சின் பொத்தான் திரும்ப வருகிறது. பெல் ஆய்வுக்கூடத்தில் ழான்-கிளாட் ரீசே ட்ரம்பெட் ஒலியைக் கூறுபோட்டுப் பார்த்து, ஊதும் பலம் ஏறும்போது அதன் மேல் அதிர்வெண்களும் கூடுதலாக எழுகின்றன என்று காட்டியிருந்தார். சௌனிங் அதை நினைவில் வைத்து, ஆட்டத்தின் ஆழத்தையே ஒரு என்வலப்பால் ஆட்டினார். ஆட்டுவதை ஆட்டுவது. பித்தளை வாத்தியம் கணினிக்குள்ளிருந்து ஒலித்தது.

புக்லா பிரித்து வைத்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே சுவர் இல்லை என்பது இதனால் உறுதியானது. நொடிக்கு இருபது என்ற எல்லை காதில் இருக்கிறது, கருவியில் இல்லை. அதற்குக் கீழே இருந்தால் அசைவு என்கிறோம். மேலே போனால் நிறம் என்கிறோம். (புக்லாவின் பிந்தைய ஆசிலேட்டர்களிலேயே இப்படி ஆட்டும் வசதி வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

இதற்கிடையே கம்பிகள் மறையத் தொடங்கியிருந்தன. லண்டனில் இ.எம்.எஸ். நிறுவனம் 1969இல் வெளியிட்ட வி.சி.எஸ்.3 கருவியில் கம்பிக்குப் பதில் பதினாறுக்குப் பதினாறு கட்டம். துளையில் ஊசியைச் செருகினால் மூலமும் இலக்கும் இணையும். அடுத்த ஆண்டு வந்த மினிமோக்கில் அதுவும் இல்லை. எதை எதனோடு இணைப்பது என்பதைப் பொறியாளர்களே முடிவுசெய்து உள்ளே ஒட்டிவிட்டார்கள். மெதுவாக அலையத் தனி ஆசிலேட்டர்கூட அதில் கிடையாது. மூன்றாவது ஆசிலேட்டரைத் தாழ்த்தி அந்த வேலைக்கு அனுப்ப வேண்டும். விசைகளுக்கு இடப்பக்கம் வைத்த இரண்டு சக்கரங்களில் ஒன்று சுருதியை வளைக்கும், மற்றொன்று ஆட்டத்தின் அளவைக் கூட்டும். கச்சேரியில் வாசிப்பவருக்கு இது வரம். ஆராய்கிறவருக்கு நஷ்டம், நூறு பாதைகளில் தொண்ணூறு அடைபட்டன. அவற்றைத் திரும்பத் திறக்க, டாம் ஓபர்ஹைமின் எக்ஸ்பேண்டரும் மேட்ரிக்ஸ்-12உம் வரும் 1984, 85வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சௌனிங்கின் முறையை அமெரிக்க ஆர்கன் நிறுவனங்கள் ஏற்கவில்லை. ஜப்பானின் யமஹா வாங்கிக்கொண்டது. 1977இல் காப்புரிமை வந்தது, 1983இல் டிஎக்ஸ்7. ஆறு அலைகள், ஒவ்வொன்றுக்கும் தனி என்வலப், யார் யாரை ஆட்டுவது என்பதற்கு 32 வரைபடங்கள். விசையைப் பலமாக அடித்தால் ஆழம் கூடி ஒலி பளிச்சிடும். மெல்லத் தொட்டால் மழுங்கும். ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது. ஆனால் குமிழ்கள் போய்விட்டன. ஒரு சின்னத் திரை, பொத்தான்கள், எண்கள். இருபது ஆண்டுகளில் ஒலியை ஆட்டும் வழிகள் இத்தனை பெருகியபின், வாங்கியவர்களில் பெரும்பாலோர் தொழிற்சாலை வைத்துக் கொடுத்த ஒலிகளையே வாசித்தார்கள். டிஎக்ஸ்7 வென்றதில் எனக்கிருக்கும் வருத்தம் அது ஒன்றுதான்.

கையில் கைபேசி வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இலவச சிந்தசைசர் செயலி ஏதாவது ஒன்றை இறக்கிக்கொண்டு, ஒரு ஆசிலேட்டரால் இன்னொன்றின் சுருதியை ஆட்டும் வசதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டும் வேகத்தை நொடிக்கு ஆறில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். எந்த இடத்தில் நடுக்கம் நாதமாகிறது என்று கேட்டுவிட்டு அடுத்த இதழுக்கு வாருங்கள். அதில் நாம் போகப்போவது அகமதாபாத்துக்கு. 1969இல் அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் ட்யூடர் ஒரு மோக் சிந்தசைசரை நிறுவினார்.

(தொடரும்)